ட்ரீக்கிள்: பாம்புக்கடி மருந்து சர்க்கரைப் பாகு ஆன கதை

ஏட்டுச்சுவடி

வணக்கம் நண்பர்களே. எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு ‘ஆலிஸின் அற்புத உலகம்’ கதையைத் தமிழில் சொல்லி வருகிறேன். லூயிஸ் கரோல் 1865இல் எழுதியது. அதில் தேநீர் விருந்தில் ஓர் எலி கதை சொல்லும். மூன்று அக்கா தங்கைகள் ஒரு கிணற்றின் அடியில் வாழ்ந்தார்களாம். அது தண்ணீர்க் கிணறு இல்லை, ட்ரீக்கிள் கிணறு. அவர்கள் சாப்பிட்டதும் ட்ரீக்கிள்தானாம்.

அகராதியில் முதல் பொருள் எளிது: சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கெட்டியான கருப்புப் பாகு. அதற்குக் கீழே ‘பழைய வழக்கு: விஷமுறி மருந்து’ என்று இன்னொரு பொருள் கிடக்கிறது. பாகுக்கும் விஷத்துக்கும் என்ன தொடர்பு? தெரிந்தவர்கள் விரிவாகச் சொன்னால் பிள்ளைகளுக்கும் சொல்லுவேன்.

மட்டுநகர் வாசுகி

எங்கள் பக்கம் இது தினமும் புழங்கும் சொல். கித்துள் பாணியை ஆங்கிலத்தில் ட்ரீக்கிள் என்றுதான் சொல்லுவோம், போத்தலிலும் அப்படித்தான் அச்சடித்திருக்கும். எருமைத் தயிரில் பாணி ஊற்றிச் சாப்பிடுவது இலங்கை முழுக்க உள்ள பழக்கம். தமிழ்நாட்டில் கித்துளைக் கூந்தற்பனை என்பீர்கள் என்று நினைக்கிறேன். அதன் பூம்பாளையைச் சீவி எடுக்கும் பதநீரைக் காய்ச்சி இறக்குவதுதான் பாணி.

விஷமுறி என்ற பொருளை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். யாராவது எழுதுங்கள்.

வேர்தேடி

எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டும்.

இன்றிலிருந்து பின்னோக்கிப் போவோம். 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இது ‘திரியாக்கிள்’. 1400இல் இறந்த கவிஞர் சாசர், கிறிஸ்து எல்லாத் தீங்குக்கும் திரியாக்கிள் என்று ஓரிடத்தில் எழுதுகிறார். அங்கே இனிப்பு என்ற பொருள் துளியும் இல்லை. முறிமருந்து என்பது மட்டுமே பொருள். அந்தக் காலத்து வாசகருக்கு இதற்கு விளக்கமே தேவைப்பட்டிருக்காது.

இந்தத் திரியாக்கிள் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. பிரெஞ்சுக்கு அது லத்தீனின் ‘தேரியாக்கா’விலிருந்து வந்தது. கடைசியில் இருக்கும் ‘ல்’ லத்தீனில் கிடையாது, வழியில் வந்து ஒட்டிக்கொண்டது. இத்தாலிக்காரர்களும் ஸ்பானியர்களும் இதே சொல்லை ‘திரியாக்கா’ என்று ‘ல்’ இல்லாமலே வைத்திருக்கிறார்கள். அதனால்தான் ஆங்கிலச் சொல் பிரெஞ்சு வழியாக வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது.

லத்தீனுக்கு அப்பால் கிரேக்கம். ‘தேர்’ என்றால் காட்டு விலங்கு (நம் கோயில் தேருக்கும் இதற்கும் உறவில்லை, ஒலி ஒத்திருக்கிறது, அவ்வளவே). அதன் குறுமை வடிவம் ‘தேரியோன்’. நாளடைவில் அது கொடிய பிராணி, குறிப்பாக விஷப் பிராணி என்ற பொருளுக்கு நகர்ந்தது. ‘தேரியாக்கே’ என்றால் அப்படிப்பட்ட பிராணிகளைச் சேர்ந்தது. அதோடு முறிமருந்து என்ற சொல்லைச் சேர்த்து ‘தேரியாக்கே ஆன்டிடோட்டோஸ்’ என்றார்கள், அதாவது விஷக்கடிக்கான முறிமருந்து. பிறகு அடுத்த சொல் உதிர்ந்து, முதல் சொல்லே மருந்தின் பெயராக நின்றது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் கொலோஃபோன் ஊரைச் சேர்ந்த நிக்காண்டர் என்ற கவிஞர் பாம்பு, தேள், சிலந்திக் கடிகளையும் அவற்றுக்கான மருந்துகளையும் பற்றி ஒரு நெடுங்கவிதை எழுதினார். அதன் தலைப்பே ‘தேரியாக்கா’.

இன்னொன்று சொல்லியாக வேண்டும். இந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் இரண்டு முறை நுழைந்திருக்கிறது. இங்கிலாந்தின் ஆல்ஃபிரட் மன்னருக்கு, ஜெருசலேம் தலைமை ஆயர் எலியாஸ் சில மருந்துகளின் பயனைச் சொல்லி அனுப்பியதாகப் பழைய ஆங்கில மருத்துவச் சுவடி ஒன்று கூறுகிறது. ஆல்ஃபிரட் ஆண்டது 871 முதல் 899 வரை. அந்த மருந்துகளில் ஒன்று ‘தூரியாக்கா’. லத்தீனிலிருந்து நேரே எடுத்த சொல். அது நிலைக்கவில்லை. பல நூற்றாண்டு கழித்து பிரெஞ்சு வேடத்தில் திரும்பி வந்ததுதான் நிலைத்தது.

கதிரொளி

அருமை வேர்தேடி அண்ணா. ஒரு சந்தேகம். கிரேக்கத்தில் தேர் என்றால் விலங்கு. ஜெர்மனில் ‘டியர்’ என்றாலும் விலங்குதான், நான் அந்த மொழி படிக்கிறேன். ஆங்கிலத்தில் மானுக்கு ‘டீர்’. மூன்றும் ஒன்றுதானே?

வேர்தேடி

கதிர், பார்த்த உடனே யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் மூன்றில் கிரேக்கச் சொல் தனி.

ஜெர்மன் டியரும் ஆங்கில டீரும் உடன்பிறப்புகள். டீர் என்பதற்கும் முன்பு விலங்கு என்றே பொருள். ஷேக்ஸ்பியரின் ‘லியர் அரசன்’ நாடகத்தில் எலிகளையும் சுண்டெலிகளையும் சேர்த்துச் ‘சிறு டீர்’ என்று சொல்லும் வரி உண்டு. பிறகுதான் சொல் மானுக்கு மட்டும் சுருங்கியது. இவற்றின் மூத்த உறவு கோத்திக் மொழியில் இருக்கிறது. அங்கே சொல் ‘டியுஸ்’. கடைசி ஒலியைக் கவனியுங்கள், அது ‘ஸ்’. அதாவது டீரின் ‘ர்’ ஆதியில் ‘ர்’ இல்லை. ஸகரம் ஜெர்மானிய மொழிகளில் மெல்ல ரகரமாக மாறிய விளைவு அது. கிரேக்கத் தேரின் ‘ர்’ தொடக்கம் முதலே ‘ர்’. வேர் வேறு.

சரி, கிரேக்கத் தேருக்கு உண்மையான உறவினர் யார்? லிதுவேனிய மொழியில் ‘ஷ்வேரிஸ்’, ரஷ்யனில் ‘ஸ்வேர்’, இரண்டுக்கும் விலங்கு என்று பொருள். லத்தீனில் ‘ஃபெருஸ்’, காட்டுத்தனமானது. அந்த ஃபெருஸிலிருந்துதான் ஆங்கிலத்தில் மூர்க்கத்தைக் குறிக்கும் ‘ஃபியர்ஸ்’, காட்டு நிலைக்குத் திரும்பிய விலங்கைச் சொல்லும் ‘ஃபெரல்’ எல்லாம். ‘த’வும் ‘ஃப’வும் ‘ஸ்வ’வும் எப்படி ஒன்றாகும் என்று கேட்பீர்கள். கிரேக்கத்துக்குள்ளேயே சாட்சி இருக்கிறது. அதன் ஒரு வட்டார வழக்கில் இதே சொல் ‘ஃபேர்’. ஹோமரின் இலியட்டில் மலைவாழ் குதிரைமனிதர்களைச் சொல்லும்போது அந்த வடிவம் வருகிறது. ஒரு மொழிக்குள்ளேயே ஒரே சொல் தகரத்திலும் தொடங்குகிறது, ஃபகரத்திலும் தொடங்குகிறது என்றால், மூலத்தில் இருந்த ஒலி இரண்டுக்கும் வேறான ஒரு கூட்டொலி. மேல்வாய்க் ககரமும் வகரமும் சேர்ந்த ஒலி என்று மொழியியலாளர்கள் கணிக்கிறார்கள். லிதுவேனியமும் ரஷ்யனும் அதை ‘ஷ்வ’, ‘ஸ்வ’ என்று வகரத்தோடேயே காப்பாற்றியிருக்கின்றன.

ஆக, ஆங்கிலத்தில் ட்ரீக்கிளுக்கு மானைக் காட்டிலும் மூர்க்கம்தான் நெருங்கிய உறவு.

மூலிகைமணி

நான் சித்த மருத்துவம் படித்தவள். சொல்லைப் பற்றி வேர்தேடி அண்ணா சொன்னார், மருந்தைப் பற்றி நான் சொல்கிறேன். மருந்தைத் தெரிந்துகொள்ளாமல் இந்தச் சொல் ஏன் இப்படி மாறியது என்பது புரியாது.

கருங்கடலின் தென்கரையில் பான்டஸ் நாட்டை ஆண்ட ஆறாம் மித்ரிடேட்டஸ், தன்னை யாராவது விஷம் வைத்துக் கொன்றுவிடுவார்கள் என்று வாழ்நாள் முழுதும் அஞ்சியவர். அதனால் தினமும் முறிமருந்து உட்கொண்டார் என்கிறார்கள். கி.மு. 63இல் ரோமத் தளபதி பாம்ப்பியிடம் எல்லாம் இழந்த பிறகு விஷம் குடித்துச் சாக முயன்றபோது விஷம் வேலை செய்யவில்லையாம். கடைசியில் தன் வீரன் ஒருவனின் வாளுக்குக் கழுத்தைக் கொடுத்தார். அவருடைய மருந்துக் குறிப்பு ரோமுக்குப் போனது.

அடுத்த நூற்றாண்டில் நீரோ மன்னரின் மருத்துவர் ஆந்திரோமாக்கஸ் அதைத் திருத்தினார். விரியன் பாம்பின் இறைச்சியைச் சேர்த்தார், அபினியின் அளவைக் கூட்டினார், மொத்தம் 64 சரக்குகள் ஆக்கினார். பாம்பின் விஷத்துக்குப் பாம்பின் உடலே மருந்து என்ற எண்ணம்தான் காரணம். செய்முறையை மறக்காமலும் யாரும் மாற்றாமலும் இருக்க 174 வரிச் செய்யுளாக எழுதிவைத்தார். நம் சித்தர் பாடல்களில் செய்முறை பாட்டாக இருப்பதற்கும் இதே காரணம்தான் என்று எங்கள் ஆசிரியர் சொல்லுவார். அந்தச் செய்யுள் இன்றைக்கும் கிடைக்கிறது. அதைத் தன் நூலில் எடுத்து வைத்துக் காப்பாற்றியவர் கேலன் என்ற பழங்கால மருத்துவர்.

சரக்குப் பட்டியலைப் பாருங்கள். மிளகு, வெள்ளை மிளகு, திப்பிலி, இஞ்சி, இலவங்கப்பட்டை, இலவங்கப்பத்திரி, சடாமாஞ்சில், கோஷ்டம், குங்குமப்பூ, வெள்ளைப்போளம், ரோஜா. எங்கள் கல்லூரி மருந்துச் சாலையில் பாதிக்கு மேல் இருக்கும்! எல்லாவற்றையும் இடித்துச் சலித்துத் தேனில் கிளறி, பிறகு ஆண்டுக்கணக்கில் முதிர விடுவார்கள்.

அதாவது அது ஒரு லேகியம். இந்த லேகியம் என்ற சொல்லையும் பாருங்கள். நக்கு என்று பொருள்படும் ‘லிஹ்’ என்ற வடமொழி வினையிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் நக்குவதற்கு உள்ள ‘லிக்’ அதே இந்தோ-ஐரோப்பிய வேர். தேனில் குழைத்த மருந்துக்கு ஐரோப்பாவில் ‘எலெக்சுவரி’ என்று பெயர். அதுவும் நக்குதல் என்ற கிரேக்க வினையிலிருந்து பிறந்தது என்றே கருதப்படுகிறது. வேர்தேடி அண்ணா சரிபார்த்துச் சொல்லுங்கள்.

வேர்தேடி

சரிதான் மணி. கிரேக்க வினை ‘லெய்க்கெயின்’. லத்தீனுக்குப் போனபோது ‘தேர்ந்தெடுத்தல்’ என்ற வேறொரு சொல்லின் சாயல் அதன் மேல் படிந்ததால் தோற்றம் கொஞ்சம் கலைந்துவிட்டது.

எழில்வேந்தன்

எல்லோருக்கும் வணக்கம். இவ்வளவு மிளகும் இஞ்சியும் நம் மண்ணிலிருந்து போயிருக்கின்றன. அப்படியானால் மருந்தின் பெயரும் நம்மிடமிருந்து ஏன் போயிருக்கக் கூடாது? ‘தீர்’ என்பது தமிழ் வேர். நோய் தீர்ப்பது, விஷம் தீர்ப்பது. தீர் + அகம் = தீரகம், அதுவே தேரியாக்கா ஆகியிருக்கலாம். பொருள் அப்படியே பொருந்துகிறதே. கிரேக்கர்கள் விலங்கோடு தொடர்புபடுத்தியது பின்னாளில் வந்த விளக்கமாக இருக்கலாம்.

வேர்தேடி

எழில் ஐயா, மிளகு போன பாதையில் பெயரும் போயிருக்கலாமே என்பது நியாயமான கேள்வி. ஒரு வேரை எப்படிச் சோதிப்பது என்று இதை வைத்தே பார்க்கலாம்.

முதலில் சொல்லை எங்கே பிரிப்பது? கிரேக்கத்தில் -அக்- என்பது ஒரு விகுதி. இதயம் ‘கார்டியா’, இதயத்தைச் சேர்ந்தது ‘கார்டியாக்கோஸ்’. இன்றைக்கும் மருத்துவமனைப் பலகைகளில் கார்டியாக் என்று இருக்கிறதே, அதே விகுதி. தேரியோன், தேரியாக்கோஸ் என்பதும் அதே அச்சு. கிரேக்க இலக்கணத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் இடம் இருக்கிறது, எதுவும் மிஞ்சவில்லை. தீரகம் என்று பிரித்தால் நடுவில் நிற்கும் இகரத்துக்கு விளக்கம் இல்லை. தமிழில் தீரகம் என்ற சொல் மருந்துப் பெயராக எந்தப் பழைய நூலிலும் இல்லை. நிக்காண்டரின் கவிதையோ விஷப் பிராணிகளைப் பற்றியது. எனவே விலங்குத் தொடர்பு பின்னால் ஒட்டிய விளக்கம் கிடையாது, நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சாட்சியிலேயே அது இருக்கிறது.

தமிழிலிருந்து உண்மையாகவே ஒரு சொல் போனால் அது எப்படித் தடம் பதிக்கும் என்பதற்கு அந்தச் சரக்குப் பட்டியலிலேயே சான்று உண்டு. இஞ்சியை எடுங்கள். தமிழிலும் மலையாளத்திலும் இஞ்சி, அதன் கிழங்கு இஞ்சிவேர். பாலியில் ‘சிங்கிவேர’. வடமொழியில் ‘சிருங்கவேர’, அதைக் கொம்பு போன்ற உடல் என்று பின்னர் பொருள் பிரித்தார்கள். கிரேக்கத்தில் ‘சிங்கிபெரிஸ்’, லத்தீனில் ‘சிங்கிபெர்’, பழைய ஆங்கிலத்தில் ‘கிங்கிவெர்’, இன்றைக்கு ‘ஜிஞ்சர்’. நடுவில் ஒரு கண்ணியும் அறுபடவில்லை. ஒவ்வொரு ஊரிலும் எழுத்துச் சாட்சி இருக்கிறது, ‘வேர்’ என்ற பின்பாதி கூடக் கடைசி வரை தெரிகிறது. முதல் சொல் திராவிடச் சொல் என்பதைப் பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கிறார்கள். இப்படி உறுதியான சான்றோடு நம் சொல் ஒன்று உலகம் சுற்றியிருக்கும்போது, சான்றில்லாத இன்னொன்றை அதன் பக்கத்தில் வைத்தால் இஞ்சியின் பெருமைதான் குறையும் என்பது என் கருத்து.

மூலிகைமணி

எழில் ஐயா சொன்ன வணிகத் தொடர்பு மட்டும் முழு உண்மை. ஆந்திரோமாக்கஸ் வாழ்ந்த அதே 1ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட செங்கடல் பயணக் குறிப்பு, முசிறியிலிருந்து கப்பல்கள் ஏற்றிச் சென்றவற்றில் மிளகையும் இலவங்கப்பத்திரியையும் சொல்கிறது. அகநானூற்றின் 149ஆம் பாட்டில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார், யவனர் மரக்கலம் ‘பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’ என்கிறார். கறி என்றால் மிளகு. நீரோவின் மருந்துக் கலத்தில் விழுந்த மிளகு நம் கரையிலிருந்து போனது.

எழில்வேந்தன்

நன்றி வேர்தேடி, நன்றி மணி. இஞ்சிவேர் பற்றித் தனி இழை தொடங்கப் போகிறேன், அங்கே வாருங்கள். இங்கே ஒரு கேள்வி மிச்சம்: மருந்து எப்போது பாகு ஆனது?

நெல்லை ஜெபா

அதற்கு முன்னால் வேதாகமத்தில் இந்தச் சொல்லுக்கு ஒரு கதை உண்டு, சொல்லிவிடுகிறேன். எரேமியா 8:22 நம் தமிழ் வேதாகமத்தில் ‘கீலேயாத்திலே பிசின் தைலம் இல்லையோ?’ என்று இருக்கும். 1568இல் இங்கிலாந்தில் வந்த ஆயர்கள் வேதாகமத்தில் அந்த இடத்தில் ‘கீலேயாத்திலே ட்ரீக்கிள் இல்லையோ’ என்று இருக்கிறது. அதனால் அந்தப் பதிப்புக்கு ட்ரீக்கிள் பைபிள் என்றே பட்டப்பெயர் விழுந்தது. இப்போது ஆங்கிலேயர்கள் அதைப் படித்தால் சிரிப்பார்கள். ஆனால் அன்றைக்கு மொழிபெயர்த்தவர்கள் மிகச் சரியாகத்தான் செய்தார்கள். தங்கள் காலத்தில் மிக உயர்ந்த மருந்து எதுவோ அதன் பெயரைப் போட்டார்கள். 1611 பதிப்பு அதைத் தைலம் என்று மாற்றியது. லத்தீன் வேதாகமத்தில் அந்த இடத்தில் உள்ள சொல்லுக்குப் பிசின் என்று பொருள். அதிலிருந்து மொழிபெயர்த்த கத்தோலிக்க ஆங்கிலப் பதிப்பிலும் பிசின்தான். எபிரெயத்தில் உள்ள ‘ட்சோரி’ மரத்திலிருந்து வடியும் மணமுள்ள பிசின். பிசின், தைலம் இரண்டையும் ஒன்றாகப் பிடித்த நம் தமிழ் மொழிபெயர்ப்பை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

வேர்தேடி

ஜெபா அக்கா, அற்புதம். இந்தச் சான்று எழில் ஐயாவின் கேள்விக்கும் உதவுகிறது. 1568 வரை ட்ரீக்கிள் மருந்துதான் என்பது இதில் உறுதியாகிறது.

அந்தக் காலத்தில் மிகச் சிறந்தது வெனிஸ் ட்ரீக்கிள். வெனிஸில் அதை ஊர் பார்க்கப் பொதுவெளியில், அதிகாரிகள் முன்னால், பெரிய விழாவாகச் செய்தார்கள். 64 சரக்கில் எதைக் குறைத்தாலும் எதைப் போலியாகப் போட்டாலும் குடிப்பவருக்குத் தெரியாது, அதனால்தான் அவ்வளவு சாட்சிகள். ரியால்ட்டோ பாலத்துப் பக்கம் பொற்றலை என்ற பெயர் கொண்ட மருந்துக்கடை இதற்குப் புகழ்பெற்றது. விரியன் பாம்புகளைப் படுவா நகருக்கு அருகில் உள்ள யூகனிய மலைகளில் பிடித்து வந்தார்கள். 1640களின் நடுவில் இத்தாலியில் சுற்றிய ஆங்கிலேயர் ஜான் ஈவ்லின், அந்த விழா பார்க்க வேண்டிய ஒன்று என்று நாட்குறிப்பில் எழுதி, ட்ரீக்கிள் வாங்கி மூட்டையும் கட்டினார்.

பணக்காரருக்கு வெனிஸ் சரக்கு. ஏழைகளுக்கு? பூண்டுதான். அதற்குக் கேலன் காலம் தொட்டே நாட்டுப்புறத்தாரின் தேரியாக்கா என்று பெயர், ஆங்கிலத்திலும் ‘ஏழையின் ட்ரீக்கிள்’ என்றார்கள். லண்டனில் மலிவான உள்ளூர்த் தயாரிப்புகளும் வந்தன, சரக்கு குறைவு, இனிப்புக் குழம்பு அதிகம்.

17ஆம் நூற்றாண்டில் கரீபியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களிலிருந்து சர்க்கரை இங்கிலாந்தில் வந்து குவிந்தது. அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்ட அடிமைகள். இதைச் சொல்லாமல் சர்க்கரையின் கதையைச் சொல்லக் கூடாது. சுத்திகரிப்பில் மிஞ்சிய கரும்பாகு ஏராளமாகவும் மலிவாகவும் கிடைத்தது. நிறத்திலும் கெட்டித்தன்மையிலும் மருந்துக்கடை ஜாடியில் இருந்த லேகியம் மாதிரியே இருந்தது. மருந்தைக் குழைக்கவும் அது பயன்பட்டது. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் பாகையே ட்ரீக்கிள் என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு பொருளும் கொஞ்ச காலம் அருகருகே வாழ்ந்தன.

மருந்தின் மதிப்பு சரியத் தொடங்கியது 1745இல். வில்லியம் ஹெபர்டன் என்ற மருத்துவர் ஒரு சிறு நூல் வெளியிட்டு, இத்தனை சரக்குகளை ஒன்றாகக் கொட்டுவதில் மருத்துவ அறிவே இல்லை, மித்ரிடேட்டஸ் கதைக்கும் தக்க ஆதாரம் இல்லை என்று வாதிட்டார். எளிதில் போகவில்லை. லண்டன் மருந்துநூலிலிருந்து 1788இல்தான் எடுத்தார்கள். பிரான்சின் அதிகாரபூர்வ மருந்துநூலில் 19ஆம் நூற்றாண்டின் கடைசி வரை இருந்தது. இங்கிலாந்தில் மருந்து மறைந்த பிறகு பெயருக்குப் பாகு மட்டுமே மிஞ்சியது.

மட்டுநகர் வாசுகி

அப்படியென்றால் எங்கள் பாணிக்கு வந்து சேர்ந்தது பின்னால் வந்த பாகு என்ற பொருள். ஆங்கிலேயர் இங்கே வந்தபோது சொல் ஏற்கெனவே இனிப்பாகிவிட்டது.

இன்னொரு விஷயம். லைல் நிறுவனத்தின் தங்கநிறப் பாகு டின்னைப் பார்த்திருப்பீர்கள், 1880களிலிருந்து விற்கிறார்கள், வெளிர் ட்ரீக்கிள் என்றும் சொல்வார்கள். அந்த டின்னில் செத்த சிங்கமும் அதைச் சுற்றித் தேனீக்களும் இருக்கும். காட்டு விலங்கும் இனிப்பும்! தேரியோனை நினைத்துத்தான் போட்டார்களா?

நெல்லை ஜெபா

இல்லை தங்கச்சி. அது நியாயாதிபதிகள் 14ஆம் அதிகாரம். சிம்சோன் கொன்ற சிங்கத்தின் உடலில் தேனீக்கள் கூடு கட்டின, அதிலிருந்து அவன் தேன் எடுத்துச் சாப்பிட்டான், பிறகு விடுகதை போட்டான். ‘பலவானிலிருந்து மதுரம் வந்தது’ என்ற பொருள்பட அந்த டின்னிலும் எழுதியிருக்கும். ஆபிராம் லைல் பக்தியுள்ளவர், அதனால் அந்தப் படம்.

வேர்தேடி

ஜெபா அக்கா சொல்வதே சரி. தற்செயல்தான் வாசுகி, ஆனாலும் கண்டுபிடித்ததற்கு நன்றி. ட்ரீக்கிளுக்குப் போட்டியாக அதே கரும்பாகைக் குறிக்கும் ‘மொலாசஸ்’ என்ற சொல்லும் போர்ச்சுகீசிய ‘மெலாசோ’ வழியாகத் தேனைக் குறிக்கும் லத்தீன் ‘மெல்’லுக்கே போகிறது.

தெம்ஸ்கரை

ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறேன், கிணற்றைப் பற்றி நான் சொல்லலாம். ஊருக்கு வடமேற்கே பின்ஸி என்ற சின்னக் கிராமம், தெம்ஸ் கரையோரம் நடந்தே போகலாம். அங்கே புனித மார்கரெட் தேவாலயத்தின் வாசல் பக்கம், படி இறங்கும் சிறிய கிணறு. ஆக்ஸ்ஃபோர்டின் காவல் புனிதை ஃபிரிட்ஸ்வைடு வேண்டிக்கொண்டபோது ஊற்றெடுத்தது, பார்வை இழந்தவனுக்குக் கண் கொடுத்தது என்று ஐதிகம். நோய் தீர்க்கும் நீர் என்பதால் பழைய பொருளில் அது ட்ரீக்கிள் கிணறு.

லூயிஸ் கரோல் அங்கே கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் கணித ஆசிரியர். கல்லூரித் தலைவர் ஹென்றி லிடெல். அவருடைய மகள்களுக்குச் சொன்ன கதைதான் ஆலிஸ். கிணற்றடிச் சகோதரிகளின் பெயர்கள் எல்ஸி, லேஸி, டில்லி. எல்ஸி என்பது மூத்தவள் லொரினா ஷார்லட்டின் முதலெழுத்துகள் ‘எல்’, ‘சி’. லேஸி என்பது ஆலிஸின் ஆங்கில எழுத்துகளைக் கலைத்து அடுக்கியது. டில்லி மூவரில் இளையவள் ஈடித்தின் வீட்டுப் பெயர்.

ஆலிஸின் அப்பா லிடெல்தான், ஸ்காட் என்பவரோடு சேர்ந்து 1843இல் பெரிய கிரேக்க–ஆங்கில அகராதியை வெளியிட்டவர். இன்றைக்கும் கிரேக்கம் படிப்பவர்கள் அதைத்தான் புரட்டுகிறார்கள். ட்ரீக்கிளின் வேரான தேரியோனுக்கு அகராதிப் பொருள் எழுதியவரின் வீட்டுப் பெண்களையே கரோல் ட்ரீக்கிள் கிணற்றுக்குள் குடிவைத்தார்!

ஏட்டுச்சுவடி

இப்படி ஒரு விருந்தை எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. பிள்ளைகளுக்கு ‘மருந்துப்பாகுக் கிணறு’ என்று சொல்லலாம் என்று நினைக்கிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன்: இந்தச் சொல் கிழக்கே போகவில்லையா?

வேர்தேடி

போனது. அரபு மொழியில் ‘திர்யாக்’. 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதப்பட்ட, வண்ணப் படங்கள் நிறைந்த அரபுத் திர்யாக் சுவடி ஒன்று பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. அரபியிலும் உருதுவிலும் திர்யாக் இன்றைக்கும் விஷமுறியே. பாரசீகத்தில் ‘தர்யாக்’ என்றால் அபினி. 64 சரக்கில் உடம்பில் உடனே வேலை காட்டியது அதுதான். ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் தினமும் தேரியாக்கா எடுத்தவர். அரசு வேலையின்போது தூக்கம் தள்ளுகிறதே என்று அபினியை நிறுத்தினார், இரவில் தூக்கம் வரவில்லை, மறுபடி சேர்க்கச் சொன்னார் என்று அவருடைய மருத்துவர் கேலனே எழுதி வைத்திருக்கிறார்.